தோல்வி நன்றாகுமா? புல் றன் சமரும் ஓர் அறவியல் வினாவும்

போரின் முடிவு அறத்தின் தீர்ப்பாகுமா என்னும் வினா மிகப் பழையது. வென்றவன் பக்கமே நீதி இருந்தது எனக் கொள்ளும் மனப்பாங்கு பல சமுதாயங்களில் வேரூன்றியிருந்தது. இடைக்கால ஐரோப்பாவில் வழக்காளிகள் இருவர் ஆயுதமேந்திப் பொருத, வென்றவனே உண்மையாளன் எனத் தீர்க்கும் முறை நீதிமன்ற நடைமுறையாகவே விளங்கிற்று. இங்கிலாந்தின் சட்டத்திலிருந்து அது நீக்கப்பட்டது 1819 ஆம் ஆண்டிலேயே. அம்முறை இன்று நகைப்புக்கிடமாகத் தோன்றலாம். ஆயினும் தனிமனிதர் விடயத்திற் கைவிடப்பட்ட அந்நம்பிக்கை நாடுகளின் விடயத்தில் அவ்வளவு எளிதிற் கைவிடப்படவில்லை.

இதனினும் நுட்பமான வேறொரு நம்பிக்கையும் உண்டு. ஒப்பளவில் நீதியின் பக்கம் நின்றோர் தோற்கும்போது, அத்தோல்வியும் இறுதியில் நன்மைக்கே எனக் கூறி அமைதி காண்பது அது. முன்னையது வெற்றியை நியாயப்படுத்துகின்றது. பின்னையது தோல்வியை நியாயப்படுத்துகின்றது. இவ்விரண்டும் எவ்வளவு தூரம் ஏற்புடையன என ஆராய்வதற்கு, அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதலாவது பெருஞ்சமரான புல் றன் சமர் பொருத்தமானதோர் எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

1860 நவம்பரில் ஆபிரகாம் லிங்கன் சனாதிபதியாகத் தெரிவானதைத் தொடர்ந்து, அடிமைமுறையைப் பேணிய தென் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஐக்கிய அமெரிக்க ஒன்றியத்தினின்றும் பிரியத் தொடங்கின. அவ்வாண்டின் குடிசன மதிப்பீட்டின்படி நாட்டில் ஏறத்தாழ 40 இலட்சம் கறுப்பின மக்கள் அடிமைகளாயிருந்தனர். பிரிந்த மாநிலங்கள் அமைத்த கூட்டாட்சியின் உபசனாதிபதியான அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸ் 1861 மார்ச்சில் சவானா நகரில் ஆற்றிய உரையில், இனங்கள் சமமானவை அல்ல என்பதும் அடிமைநிலையே கறுப்பினத்தவர்க்கு இயல்பானது என்பதுமே புதிய அரசின் மூலைக்கல் என்று வெளிப்படையாகவே அறிவித்தார். எனவே தென்பகுதி எதனைக் காக்க நின்றது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

வடபகுதி எதற்காக நின்றது என்பதே சிக்கலான வினா. லிங்கன் அதே மாதத்திற் பதவியேற்றபோது, அடிமைமுறை ஏலவே நிலவும் மாநிலங்களில் அதில் தலையிடும் நோக்கம் தமக்கில்லை என உறுதி கூறினார். ஒன்றியத்தைச் சிதையாமற் காப்பதே அவரது குறிக்கோளாயிருந்தது. சுருங்கக் கூறின், ஒரு பக்கம் அடிமைமுறைக்காகப் போர் தொடுத்தது. மறுபக்கமோ அடிமைமுறைக்கு எதிராகப் போர் தொடுக்கவில்லை. இந்த ஏற்றத்தாழ்வை மனத்திற் கொள்ளாமற் புல் றன் சமரின் பொருளை அறிதல் இயலாது.

சமரும் அதன் முடிவும்

1861 ஏப்ரல் 12 ஆம் நாள் சம்டர் கோட்டை தாக்கப்பட்டதும், லிங்கன் மூன்று மாத சேவைக்கென 75,000 பேரைப் படைக்கு அழைத்தார். போர் மூன்று மாதத்தில் முடிந்துவிடும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. தென்னவரின் தலைநகரான றிச்மண்டை நோக்கி உடனே படை செல்லவேண்டுமென வடபகுதிப் பத்திரிகைகள், சிறப்பாக ஹொறேஸ் கிறீலியின் நியூயோர்க் ட்ரிபியூன், நாள்தோறும் வற்புறுத்தின. படைத் தளபதி மக்டவல் தம் வீரர் போதிய பயிற்சியற்றவர் என முறையிட்டார். இரு பக்கத்தாரும் ஒரே அளவிற் பயிற்சியற்றவர்களே என்பது அவருக்குக் கிடைத்த மறுமொழி. ஜூலை 16 ஆம் நாள் அவரது படை புறப்பட்டது. அதன் தொகை ஏறத்தாழ 35,000.

வாஷிங்டனிலிருந்து சுமார் 40 கிலோமீற்றர் தொலைவில், வேர்ஜீனியா மாநிலத்தில் மனாசஸ் என்னும் புகையிரதச் சந்தியைக் காத்துத் தளபதி போறிகார்டின் தென்படை நின்றது. இரு படைகளுக்கும் இடையே ஓடிய சிற்றாறே புல் றன். ஜூலை 21, ஞாயிற்றுக்கிழமை காலை வடபடை ஆற்றைச் சுற்றிக் கடந்து தென்படையின் இடப்புறத்தைத் தாக்கிற்று. நண்பகல்வரை வெற்றி வடவர் பக்கமே இருந்தது. தலைநகரிலிருந்து காங்கிரசு உறுப்பினரும் கனவான்களும் சீமாட்டிகளும் உணவுக் கூடைகளோடு வண்டிகளில் வந்து, தொலைவிலிருந்த மேட்டு நிலத்தில் அமர்ந்து வெற்றியைக் காணக் காத்திருந்தனர்.

பிற்பகலில் நிலைமை மாறிற்று. ஹென்றி இல்லக் குன்றில் தளபதி ஜாக்சனின் படைப்பிரிவு அசையாது நின்றது. அக்காலத்தில் இரு பக்கத்தாரின் சீருடைகளும் வரையறை பெற்றிருக்கவில்லை. நீலச் சீருடை அணிந்து அணுகிய தென்படைப் பிரிவொன்றைத் தம்மவரென மயங்கி வடவர் சுடாதிருக்க, அப்பிரிவு அவர்தம் பீரங்கிகளைக் கைப்பற்றியது. ஷெனண்டோவா பள்ளத்தாக்கிலிருந்து தளபதி ஜோன்ஸ்டனின் படைகள் புகையிரதமூலம் வந்து சேர்ந்தமை சமரின் போக்கை முற்றாக மாற்றிற்று. பின்வாங்கத் தொடங்கிய வடபடை சிறிது நேரத்தில் ஒழுங்கிழந்து ஓடத் தலைப்பட்டது. ஓடிய வீரரும் வேடிக்கை பார்க்க வந்தோரின் வண்டிகளும் ஒரே பாதையில் நெருக்குண்டனர். காங்கிரசு உறுப்பினர் ஒருவர் சிறைப்பிடிக்கப்பட்டார். வென்ற தென்படையும் குலைந்து களைத்திருந்தமையால், தலைநகர்வரை துரத்திச் செல்லும் ஆற்றலை அது பெற்றிருக்கவில்லை.

அன்று வடவருள் ஏறத்தாழ 460 பேரும் தென்னவருள் ஏறத்தாழ 390 பேரும் மாண்டனர். காயமுற்றோர், சிறைப்பட்டோர் உட்பட இழப்பின் மொத்தத் தொகை ஐயாயிரத்தை அண்மித்தது. பின்னர் நிகழ்ந்த சமர்களோடு ஒப்பிடுமிடத்து இத்தொகை சிறிதே. ஆனால் அமெரிக்க மண்ணில் அதற்குமுன் இவ்வளவு பெருஞ் சமர் நிகழ்ந்ததில்லை.

வெற்றி சான்றாகுமா?

வென்ற பக்கத்தின் தேவாலயங்களில் நன்றி வழிபாடுகள் நடைபெற்றன. இறைவன் தம்மோடு நிற்பதற்கு மனாசஸ் களமே சான்று எனத் தென்னவர் நம்பினர். வியப்புக்குரியது யாதெனில், தோற்ற பக்கத்தாரும் அடிப்படையில் இதே தர்க்கத்தையே கையாண்டமையாகும். ஓய்வுநாளாகிய ஞாயிற்றுக்கிழமையிற் படையெடுத்தமைக்குக் கிடைத்த தண்டனை இது என்றனர் சிலர். கனெக்டிக்கட் மாநிலத்தின் ஹாட்போர்ட் நகரில், சமருக்கு அடுத்த ஞாயிறன்று பிரசங்கித்த இறையியலறிஞர் ஹொறேஸ் புஷ்னெல், பின்னடைவுகள் ஒரு நாட்டுக்குத் தேவையானவை, துன்பத்தின் வழியாகவே மக்கள் ஒரு நாட்டினராகப் பிணைக்கப்படுவர் என்ற கருத்தை விரித்துரைத்தார். களம் ஒரு நீதிமன்றம் என்பதை இரு சாராரும் ஏற்றுக்கொண்டனர். தீர்ப்பின் பொருளை மட்டுமே வெவ்வேறாக விளங்கிக்கொண்டனர்.

ஆனால் அத்தீர்ப்பை ஆக்கியவை எவை? புகையிரதத்தின் வேகம், சீருடையின் நிறம், படைவீரரின் சேவைக்காலம் என்பவையே. மூன்று மாத சேவைக்காலம் நிறைவுற்றதென்று வடவரின் காலாட்படைப் பிரிவொன்றும் பீரங்கிப் பிரிவொன்றும் சமர் நிகழ்ந்த அன்றே களத்துக்குப் புறங்காட்டி வீடு நோக்கிச் சென்றன. இவற்றுள் எதற்கும் அடிமைமுறையின் நீதி அநீதியோடு தொடர்பில்லை. களமே சான்றெனின், 1861 ஜூலையில் நீதியாயிருந்த அடிமைமுறை 1865 ஏப்ரலில் தென்படை சரணடைந்தபோது அநீதியாயிற்று எனக் கொள்ளல் வேண்டும். ஒரு செயலின் நன்மை தீமை நான்காண்டுக் காலத்தில் படைவலிமைக்கேற்ப மாறுவதாயின், அறம் என்னும் சொல்லுக்கே பொருளில்லாது போய்விடும். ஜாக்சனின் வீரர் காட்டிய துணிவு உண்மையானதே. ஆயினும் துணிவு அதனையுடைய மனிதனின் பண்பு; அவன் எதற்காக நின்றானோ அதன் பண்பன்று. புறத்திணை வகுத்த தமிழிலக்கணம் வெற்றியை வாகையிலும் நிலையாமையைக் காஞ்சியிலும் வைத்தது. அவை வேறுவேறு திணைகளாக நிற்பது ஈண்டு நினைக்கத்தக்கது. வெற்றியைப் பாடுவது வேறு. அதன் பொருளை வினவுவது வேறு.

தோல்வி நன்மையாகுமா?

வெற்றியை நியாயப்படுத்தும் வாதம் இவ்வாறு எளிதில் வீழ்கின்றது. தோல்வியை நியாயப்படுத்தும் வாதமோ அவ்வளவு எளிதில் வீழ்வதன்று. அதனை மிகக் கூர்மையாக எடுத்துரைத்தவர் அடிமைமுறையின் கடும் எதிரியான மூதவை உறுப்பினர் சாள்ஸ் சம்னர் ஆவார். புல் றன் தோல்வி நாட்டின் வரலாற்றில் மிகத் தீய நிகழ்ச்சி, அதேவேளை மிக நல்ல நிகழ்ச்சியும் ஆகும் என அவர் லிங்கனிடமே கூறினார். உடனடி அவமானமும் இழப்பும் கருதி அது தீயது. அடிமைமுறையின் அழிவைத் தவிர்க்க முடியாததாக்கியமை கருதி அது நல்லது என்பது அவர் துணிபு.

இவ்வாதத்துக்கு வலிமை உண்டு. சமர் முடிந்த மறுநாள், ஜூலை 22 ஆம் நாள், காங்கிரசின் பிரதிநிதிகள் சபை ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. பிரிந்த மாநிலங்களின் நிலைபெற்ற அமைப்புகளை, அதாவது அடிமைமுறையை, ஒழிப்பது இப்போரின் நோக்கமன்று, அரசியல் யாப்பையும் ஒன்றியத்தையும் காப்பதே நோக்கம் என அது கூறிற்று. மூன்று நாட்களின் பின் மூதவையும் இதே கருத்தை ஏற்றது. வடபடை புல் றன்னில் வென்று, றிச்மண்டும் வீழ்ந்து, போரும் மூன்று மாதத்தில் முடிந்திருப்பின், அமைதி எந்த நிபந்தனையில் ஏற்பட்டிருக்கும் என்பதை இத்தீர்மானம் தெளிவாகவே காட்டுகின்றது. ஒன்றியம் மீண்டிருக்கும், அடிமைகள் அடிமைகளாகவே இருந்திருப்பர். போர் நீண்டமையாலேயே 1863 ஜனவரி முதலாம் நாளின் விடுதலைப் பிரகடனமும், 1865 டிசம்பரில் நிறைவுபெற்ற அரசியல் யாப்பின் பதின்மூன்றாவது திருத்தமும் இயலுமாயின. அவ்வாறாயின் தோல்வியே விடுதலையின் தாய் எனக் கூறலாகாதா?

இதற்கு மூன்று தடைகள் உள்ளன.

முதலாவது, தோல்வி தானாக எதனையும் கற்பிக்கவில்லை. அடிமைமுறையைத் தொடமாட்டோம் என்ற மேற்கூறிய தீர்மானம் தோல்விக்கு முன் அன்றி, அதற்கு மறுநாளே நிறைவேறியது என்பதை மறத்தலாகாது. றிச்மண்டுக்குப் படை செல்லுக என முழங்கிய கிறீலி, சமர் முடிந்து எட்டாம் நாள் மனமுடைந்து லிங்கனுக்கு எழுதிய கடிதத்தில், நாட்டுக்கு அதுவே நன்றாயின் எதிரியின் நிபந்தனைக்கே இணங்கி அமைதி காணவும் தயங்கவேண்டா என்று எழுதினார். ஒரே தோல்வி சம்னருக்கு விடுதலையின் தொடக்கமாகவும் கிறீலிக்குச் சரணாகதியின் தொடக்கமாகவும் தோன்றியது. ஆகவே நன்மை தோல்வியில் அடங்கியிருக்கவில்லை; அதனை எதிர்கொண்டோரின் தெரிவில் அடங்கியிருந்தது.

இரண்டாவது, அத்தெரிவுக்கு வழிவகுத்தோர் சமருக்கு முன்னரே செயற்படத் தொடங்கியிருந்தனர். 1861 மே மாதத்தில், தென்படையின் அரண் வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்த அடிமைகள் மூவர் தப்பி, வடவர் வசமிருந்த மன்றோ கோட்டையை அடைந்தனர். எதிரியின் போருக்குப் பயன்பட்ட உடைமை என்னும் சட்ட நியாயத்தைக் கூறி, அவர்களைத் திருப்பியனுப்பத் தளபதி பட்லர் மறுத்தார். அவர்களைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கானோர் வந்தனர். தாமும் ஒருகால் அடிமையாயிருந்து தப்பியவரான பிரடெரிக் டக்ளஸ், போரின் வேர் அடிமைமுறையே ஆதலின் அதனை விட்டுவிட்டுப் போரை வெல்ல முடியாதெனத் தொடக்கத்திலிருந்தே எழுதிவந்தார். மனாசஸ் அரண்களை அமைப்பதிலும் அடிமைகளின் உழைப்பே பயன்பட்டது என்ற செய்தி, தோல்விக்குப் பின்னர் வடவரின் செவியிற் புதிய பொருளோடு ஒலித்தது. ஆகஸ்ட் 6 ஆம் நாள் நிறைவேறிய முதலாவது பறிமுதற் சட்டம், எதிரியின் படைவேலையில் ஈடுபடுத்தப்பட்ட அடிமைகள்மீது உரிமையாளர் கொண்டிருந்த உரிமையை நீக்கியது. ஜூலையில் நிறைவேறிய தீர்மானத்தை மீள உறுதிப்படுத்தப் பிரதிநிதிகள் சபை அவ்வாண்டு டிசம்பரில் மறுத்துவிட்டது. தோல்வி திறந்துவிட்ட கதவு இது எனலாம். ஆனால் அக்கதவை முன்னரே தட்டிக்கொண்டிருந்தோர் இருந்தனர். நன்றி தட்டியோர்க்கு உரியதேயன்றி, கதவைப் பெயர்த்த புயலுக்கு உரியதன்று.

மூன்றாவது தடையே மிக முக்கியமானது. பின்வந்த நன்மையைக் கொண்டு முன்நிகழ்ந்த சாவுகளை நியாயப்படுத்துவது எத்தகைய சிந்தனை? எந்த மனிதனையும் வேறொரு நோக்கத்துக்குரிய வெறுங் கருவியாக மட்டும் கொள்ளலாகாது என்பது காண்ட் வகுத்த அறநெறியின் உயிர்நிலை. அடிமைமுறையின் கொடுமையும் துல்லியமாக இதுவே. அடிமை தன்பொருட்டு வாழ்பவனல்லன். மற்றொருவனின் செல்வத்துக்கும் ஓய்வுக்கும் கருவியாக மட்டுமே வாழ்பவன். அடிமைமுறையால் நாகரிகமும் வளமும் ஓங்கின, ஆதலின் அது நன்று என அதன் ஆதரவாளர் வாதிட்டனர். புல் றன்னில் மாண்டோரின் சாவு பிறர் விடுதலைக்கு உதவிற்று, ஆதலின் அது நன்று என வாதிடும்போது, நோக்கம் உயர்ந்ததாயினும் வாதத்தின் வடிவம் அதுவே. அடிமைமுறையைக் கண்டிக்கும் அளவுகோலைக் கைவிட்டே அத்தோல்வியைப் போற்ற இயலும். அவ்வீரர் தாமே முன்வந்து படையிற் சேர்ந்தவரன்றோ எனலாம். அவர்கள் ஒன்றியத்துக்காக உயிரைப் பணயம் வைக்க இசைந்தனரேயன்றி, தம் தோல்வியால் தம் நாட்டுக்குப் பாடம் புகட்ட இசைந்தாரல்லர். 1865 வரை நீடித்த அப்போரில் மாண்டோர் தொகை ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டது. அத்தனை பேரையும் ஒரு கணக்கின் செலவுப் பக்கத்தில் எழுதி, விடுதலையை வரவுப் பக்கத்தில் எழுதிச் சமன்செய்யும் உரிமை எவருக்கும் இல்லை.

தேவையும் நீதியும்

இத்தடைகளால் புல் றன் சமரின் முக்கியத்துவம் குறைந்துவிடுவதில்லை. அது சரியான இடத்தில் வைக்கப்படுகின்றது. ஒரு நிகழ்ச்சி மற்றொன்றுக்குக் காரணமாவது வேறு. அதனால் நியாயம் பெறுவது வேறு. புல் றன் தோல்வி, அடிமைமுறையைத் தொடாமலே போரை விரைந்து வெல்லலாம் என்ற வசதியான எண்ணத்தைத் தகர்த்தது. தவிர்த்து வந்த வினாவை இனித் தவிர்க்க முடியாத நிலையை ஏற்படுத்தியது. அவ்வளவே அதன் பங்கு. வினாவை எழுப்புவது நிகழ்ச்சிக்கு இயலும். விடையளிப்பது மனிதருக்கே இயலும்.

அவர்கள் அளித்த விடையும் குறையற்றதன்று. விடுதலைப் பிரகடனம் இராணுவத் தேவை என்னும் அடிப்படையிலேயே வெளியிடப்பட்டது. ஒன்றியத்தை விட்டு நீங்காத அடிமை மாநிலங்களுக்கு அது பொருந்தவில்லை. ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர் வடபடையிற் சேர்ந்து போரிட்டனர். ஆயினும் 1877 இல் தென்பகுதியிலிருந்த கூட்டரசுப் படையின் பாதுகாப்பு விலக்கப்பட்ட பின்னர், அவர்கள் பெற்ற வாக்குரிமையும் பிற உரிமைகளும் படிப்படியாகப் பறிக்கப்பட்டன. தேவையின் பெயரால் வழங்கப்பட்ட நீதி, தேவை தீர்ந்ததும் தளர்ந்தது. நீதியை நீதிக்காகவே ஏற்காத சமுதாயம், போரில் வென்றபின்னும் அதனைக் காத்துநிற்க மாட்டாது. புல் றன் தோல்வியால் வடபகுதி கற்றது எவ்வளவு, கல்லாதது எவ்வளவு என்பதற்கு இதுவே சான்று.

லிங்கன் இவ்வுண்மையை ஓரளவு உணர்ந்திருந்தார். 1865 மார்ச்சில், வெற்றி கைக்கெட்டிய வேளையில் இரண்டாம் முறை பதவியேற்றபோது, இரு பக்கத்தாரும் ஒரே இறைவனையே வேண்டினர், எவர் வேண்டுதலும் முழுமையாக நிறைவேறவில்லை என்று கூறினார். வெற்றியைத் தம் நேர்மைக்குச் சான்றாக அவர் காட்டவில்லை. அடிமைமுறையின் குற்றத்தை இரு பக்கத்துக்கும் உரிய குற்றமாகவே காட்டினார். வென்றோன் தன் வெற்றியின்முன் தலைதாழ்த்தி நின்ற அரிய தருணங்களுள் அது ஒன்று.

ஹென்றி இல்லக் குன்றுக்குப் பெயரளித்த வீட்டில், எண்பது வயதைக் கடந்த ஜூடித் ஹென்றி என்னும் கைம்பெண் படுக்கையிற் கிடந்தார். சமரின் நடுவே வீட்டின்மீது வீழ்ந்த பீரங்கிக் குண்டுகள் அவரைக் கொன்றன. அவர் எந்தப் பக்கத்துக்காகவும் போரிடவில்லை. அதே வீட்டில் பணிபுரிய வாடகைக்குப் பெறப்பட்ட இளம் அடிமைப்பெண் ஒருத்தியும் அன்று இருந்தாள். அவளை அடிமையாகவே வைத்திருக்க ஒரு படை போரிட்டது; எதிர்த்து நின்ற படையோ அவளை விடுவிக்கும் எண்ணமின்றியே போரிட்டது. குன்றைச் சூழ நின்ற பல்லாயிரவருள் அவளுக்காகப் போரிடுவதாகத் தம் அரசின் ஆணையிற் கண்டவர் ஒருவருமிலர். வெற்றி தோல்வி இரண்டும் அன்று அவள் நிலையை ஒரு நாளைக்கேனும் மாற்றவில்லை.

புல் றன் சமரை அளக்க வேண்டிய இடம் அவ்வீட்டின் உட்புறமே. அங்கிருந்து நோக்குமிடத்து, வென்றோரின் நன்றி வழிபாடும், தோற்றோர் தேடிய ஆறுதலும் ஒருங்கே பொருளிழக்கின்றன. எஞ்சுவது ஒரே வினா: ஓர் உயிரின் உரிமையை ஏற்றுக்கொள்ள ஒரு நாடு முதலில் தோற்கவேண்டியிருந்தது ஏன்? தோல்வியைப் போற்றுவோர் இவ்வினாவைக் கேளாமலே கடந்து செல்கின்றனர். தோல்வியின்றியே செய்திருக்கக்கூடிய, செய்திருக்கவேண்டிய நீதி அது. அதனைத் தோல்வியின் கொடையாகக் கருதுவது, செய்யத் தவறியோரின் பொறுப்பை மறைப்பதேயாகும்.